முதல் காட்சியிலேயே சிவாஜி அவுட்! - 70 வருஷம் கழித்து தாத்தா பார்த்த கிளைமாக்ஸ்

படம் போட்டு சில நிமிஷம்கூட ஆகியிருக்காது. 'டுமீல்!' சிவாஜி கணேசன் சரிந்து விழுகிறார். உயிர் போய்விட்டது. ஹீரோ அவ்வளவுதான்!

'அந்த நாள்' இப்படித்தான் ஆரம்பிக்கும். 1954 ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பையொட்டி ஏ.வி.எம். ரிலீஸ் செய்த படம். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, கத்திச் சண்டை இல்லை. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் இதுதான். பாட்டுக்காகவே டிக்கெட் எடுத்த காலம் அது. சென்னை கேஸினோ தியேட்டரில் சிவாஜி சுடப்பட்டதுமே பாதிப் பேர் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள், தியேட்டர்காரர்தான் சமாதானம் செய்து உள்ளே அனுப்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு. ஆனால், அங்கே சமாதானம் செய்ய ஆள் இல்லை.

எங்களுக்கு ஒரத்தநாடு பக்கம். தஞ்சாவூரிலிருந்து வரும் பஸ் சூரக்கோட்டையைத் தாண்டித்தான் வரும். சூரக்கோட்டை என்றால் சிவாஜி. அவர் பிறந்தது விழுப்புரம் என்றாலும் பூர்வீகம் இங்கேதான். 'பராசக்தி' வந்த பிறகு இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் நடிகர் இல்லை, நம்ம வீட்டுப் பிள்ளை. வயலில் தண்ணீர் இல்லாத ஒரு கோடையில், டூரிங் டாக்கீஸில் 'அந்த நாள்' போட்டிருக்கிறார்கள். தாத்தாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவருடைய அப்பா மாட்டு வண்டி கட்டி அழைத்துப் போயிருக்கிறார்.

"கணேசன் செத்துட்டாரு. சரி, அடுத்து பாட்டு வரும்னு எங்கப்பா பார்த்தாரு. வரலை. போலீஸ்காரன் வந்து கேள்வி கேக்குறான், கேக்குறான், கேட்டுக்கிட்டே இருக்கான். 'எந்திரிடா'ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு" என்றார் தாத்தா.

"அப்புறம் பார்க்கவே இல்லையா?"

"எங்க பாப்பா? அப்புறம் நடவு, அறுப்பு, கல்யாணம், புள்ளைங்கன்னு போயிடுச்சு."

போன மாசம் ஊருக்குப் போனபோது, சொம்பு ஒன்றில் போனைச் சாய்த்து வைத்து, படத்தைப் போட்டுவிட்டேன்.

கதை இதுதான். இரண்டாம் உலகப் போர் நேரம். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் ஒன்று சென்னையில் குண்டு போட்டது நிஜ சம்பவம். அதையொட்டித்தான் படமும் தொடங்குகிறது. ரேடியோ இன்ஜினீயர் ராஜன் (சிவாஜி) கொல்லப்படுகிறார். விசாரிக்க வருகிறார் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே இந்த வேடத்திலும் நடித்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு பழகிய பெண், மனைவி உஷா (பண்டரிபாய்) என ஐந்து பேர் மேல் சந்தேகம். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் ராஜன் வேறு ஆளாக இருக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் அரைமணி நேரத்தில் என் விரல் சும்மா இல்லை. பத்து செகண்ட் தள்ளிவிடலாமா என்று இரண்டு முறை தட்டப் பார்த்தேன். நடுவில் வாட்ஸ்அப் வேறு. நிமிர்ந்தால், யார் யாரைச் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. திரும்பப் பின்னால் போக வேண்டியதாயிற்று. இந்தப் படத்தில் பத்து செகண்டைத் தள்ளினால் ஒரு பொய்யைத் தவறவிட்டுவிடுவோம். பொய்களைச் சேர்த்து வைத்தால்தான் கடைசியில் கணக்கு நேராகும்.

இயக்குநர் எஸ்.பாலசந்தர். ஆமாம், 'வீணை' எஸ்.பாலசந்தரேதான். குருவிடம் போகாமல் தானாகவே வீணை கற்றுக்கொண்டவர். 1982-ல் பத்மபூஷண் வாங்கியவர். பலா மரத்தில் வீணை செதுக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்கு அவரை வீணைக் கலைஞராகத்தான் தெரியும். இந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 27. சிவாஜிக்கு 25! அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' பார்த்த பாதிப்பில் உருவான கதை என்பார்கள். ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். அங்கே உண்மை எது என்று கடைசிவரை தெரியாது. இங்கே தெரிந்துவிடும். அது யார் என்பதைவிட ஏன் என்பதுதான் நம்மை உலுக்கும். அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

மாருதி ராவின் ஒளிப்பதிவு தனி ரகம். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. யார் பேசினாலும் பாதிதான் சொல்கிறார்கள் என்று அந்த நிழலே சொல்லிக்கொண்டிருக்கும். அஞ்சு அங்குலத் திரையில் பார்த்தே எனக்கு இப்படி இருந்தது.

வசூலில் படம் அடி வாங்கியது. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. பாலசந்தர் அசரவில்லை. 1964-ல் 'பொம்மை', 1970-ல் 'நடு இரவில்' என்று திரும்பத் திரும்ப சஸ்பென்ஸ் படங்கள் எடுத்தார். அதன் பிறகு வீணையோடு இருந்துவிட்டார்.

நம்ம சூரக்கோட்டைக்காரருக்கு வருகிறேன். ஹீரோவாக நிலைபெற வேண்டிய நேரத்தில், ரசிகர்கள் கைதட்ட முடியாத ஒரு வேடத்தை எடுத்து நடித்திருக்கிறார். ஒரு கதையில் பாசக்காரர், இன்னொன்றில் கல்நெஞ்சர். அதே முகம்தான். எந்த ராஜனை நம்புவது என்று கடைசிவரை அல்லாட விடுகிறார்.

பாதிப் படத்தில் தாத்தாவிடம், "யாரா இருக்கும்?" என்று கேட்டேன். யோசிக்காமல் ஒருவரைக் கை காட்டினார். "எங்கப்பா இருந்தாலும் இவனைத்தான் சொல்லியிருப்பாரு." நான் வேறொருவரைச் சொன்னேன். இரண்டு பேருமே தப்பு.

கிளைமாக்ஸில் பாட்டி காபி கொண்டுவந்து வைத்தார். தாத்தா தொடவில்லை. படம் முடிந்து திரை கறுப்பான பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்...

"முதல்லேர்ந்து போடு பாப்பா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொன்னான்னு இன்னொரு தடவை கேக்கணும்."