சித்தப்பாவின் பாக்கெட் நோட்டும் கட்டற்ற மென்பொருளும்



புராஜெக்ட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோல்ல செய்யுற எரிமலைதான். ஆனா கம்பெனிகளில் ஒரு வேலையை யார் செய்வது, எப்போ தொடங்குவது, எப்போ முடிப்பது, எது முடிஞ்சா எது தொடங்கும் என்று திட்டம் போட்டு நடத்துவதற்கே தனி மென்பொருள் இருக்கு. அதற்குத் திட்ட மேலாண்மை மென்பொருள் என்று பெயர். அது நம்ம ஊர் வயல் வேலைக்கும் உதவும் என்பதை எங்க வீட்டிலேயே பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்க சித்தப்பா அம்மாபேட்டை பக்கம் மூணு அறுவடை மெஷின் வச்சு வாடகைக்கு ஓட்டுறார். ரெண்டு பெல்ட் வண்டி, ஒரு டயர் வண்டி. எந்த வயலுக்கு எந்த வண்டி, எந்தத் தேதி, எல்லாமே அவர் சட்டைப் பையில இருக்கிற சின்ன நோட்டுலதான். நோட்டு பைக்குள்ள, பை சித்தப்பாகிட்ட. அவர் போன் எடுக்கலைன்னா டிரைவர் அண்ணன்களுக்கு எதுவும் தெரியாது.

2023 ஜனவரி கடைசியில சம்பா அறுப்பு நேரம். ஒரே பெல்ட் வண்டியை ஒரே நாளுக்கு ரெண்டு பேருக்குச் சொல்லிட்டார். ஒன்றை நோட்டுல எழுதினார், இன்னொன்று போன்லயே போச்சு. வண்டி ஒருத்தர் வயலுக்குப் போச்சு. இன்னொருத்தர் எங்க தெருப் பெரியவர், நாங்க தாத்தான்னு கூப்பிடுவோம். அவரை "நாளை, நாளைமறுநாள்"னு சொல்லித் தள்ளினார். பிப்ரவரி முதல் வாரம் டெல்டா முழுக்கப் பருவம் தவறிய மழை பெய்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தாத்தாவோட பயிர் சாஞ்சு, கதிர் தண்ணியில கிடந்து முளைச்சிடுச்சு. மிஞ்சின நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனா ஈரப்பதம் அதிகம்னு சொன்னாங்க. சாதாரணமா 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. தாத்தா சண்டை போடலை. ஆனா அதுக்கப்புறம் எங்க வீட்டுத் திண்ணையில வந்து உட்காரவே இல்லை. சித்தப்பாவுக்கு அதுதான் ரொம்ப வலிச்சது.

அக்கா கொண்டு வந்த யோசனை

சித்தப்பா மகள் சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். விஷயம் கேட்டதும் "அப்பா, எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஒரு சாப்ட்வேர் இருக்கு. பேரு ரெட்மைன். காசு கொடுத்து வாங்க வேண்டாம்"னு சொன்னா.

ரெட்மைன் 2006-ல் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழான் பிலிப் லாங் என்பவர் வெளியிட்ட மென்பொருள். இது இணையம் வழியாக இயங்குவது. அதாவது ஒவ்வொரு போனிலும் தனியாக ஏற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு கணினியில் (சர்வர்) வைத்துவிட்டால் போதும். மற்றவர்கள் பிரவுசரைத் திறந்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போகலாம். எல்லோரும் பார்ப்பது ஒரே நோட்டு. ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும்.

அதில் என்னென்ன இருக்கிறது?

1. வேலைப் பட்டியல்: அக்கா ஒவ்வொரு வண்டியையும் ஒரு புராஜெக்டா வச்சா. ஒவ்வொரு வயலும் ஒரு வேலை. யார் பொறுப்பு, எந்தத் தேதி, எவ்வளவு முடிந்தது, எல்லாம் அதில் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம்.

2. கான்ட் சார்ட்: ஒவ்வொரு வேலையையும் தேதிக்கட்டத்தின் மேல் ஒரு கோடாக வரைந்து காட்டும் படம். 1910-களில் இதைப் பரப்பிய ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரே இதற்கு வந்தது. தேதி தாண்டிய வேலை சிவப்பாகத் தெரியும்.

3. முன்பின் தொடர்பு: குறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அதற்குள் வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும். நாற்றங்கால் விட்டு 25 நாள் போல ஆனால்தான் நடவு. நாற்று தாமதமானால் நடவும் தாமதம். அதுபோலத்தான் அறுப்பு முடிந்தால்தான் வைக்கோல் கட்டும் மெஷின் இறங்கும். "இது முடிந்த பிறகு அது" என்று ரெட்மைனில் குறித்துவிட்டால், முன்வேலை தள்ளிப்போகும்போது பின்வேலையின் தேதியையும் அதுவே தள்ளி வைக்கும்.

4. வரலாறு: யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது பதிவாகிவிடும். "நான் அப்படிச் சொல்லவேயில்லை"ன்னு யாரும் சொல்ல முடியாது!

திருக்குறளில் 'வினைசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே! பணம், கருவி, காலம், செயல், இடம் ஐந்தையும் ஐயமில்லாமல் எண்ணிச் செய் என்று அதில் வள்ளுவர் சொல்கிறார். ரெட்மைனில் வேலையை எழுதும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

கட்டற்ற மென்பொருள் என்றால் ஓசியா?

நானும் அப்படித்தான் நினைச்சேன். அக்கா தலையில குட்டினா.

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983-ல் தொடங்கிய இயக்கத்திலிருந்து வந்தது இந்த எண்ணம். மென்பொருளை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், அதன் மூலநிரலைப் படித்து, தேவைப்படி மாற்றலாம், நகல் எடுத்துப் பிறருக்குத் தரலாம், மாற்றியதையும் தரலாம். இந்த நான்கு உரிமையும் இருந்தால்தான் அது கட்டற்றது. ஓசி வேறு, உரிமை வேறு.

நம்ம அண்ணன், அக்காக்களுக்குத் தமிழக அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்ததே, அதுவும் இந்த வகைதான். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது.

இதனால் நமக்கு என்ன லாபம்? மூடிய மென்பொருளும் நல்லதாக இருக்கலாம். ஆனால் அதை விற்கும் கம்பெனி நாளைக்கே கடையை மூடினாலோ, சந்தாவை ஏற்றினாலோ நாம் கையைப் பிசையத்தான் வேண்டும். கட்டற்றதில் அப்படி இல்லை. ரெட்மைன் கதையையே பாருங்கள். 2011-ல் அதில் வேலை செய்த சிலர் கருத்து வேறுபாட்டால் மூலநிரலின் நகலோடு பிரிந்து 'சில்லிபுராஜெக்ட்' என்று தொடங்கினார்கள். அதிலிருந்து 2012-ல் 'ஓப்பன்புராஜெக்ட்' பிரிந்தது. பிறகு சில்லிபுராஜெக்ட் நின்றுபோனது. ரெட்மைனும் ஓப்பன்புராஜெக்டும் இன்றும் ஓடுகின்றன. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறதே, அது மாதிரி! ஒரு வாய்க்கால் வத்தினாலும் தண்ணி இன்னொரு வழியில் போகும்.

செலவே இல்லையா?

இருக்கு. மென்பொருளுக்குத்தான் காசில்லை. வயலிலிருந்து பார்க்கணும்னா சர்வர் எப்போதும் இணையத்தில் இருக்கணும், அதுக்கு மாத வாடகை. வாரம் ஒருமுறை நகல் எடுத்துப் பென்டிரைவ்ல வைக்கணும். புதுப் பதிப்பு வந்தா ஏற்றணும். இதற்கெல்லாம் தெரிந்த ஆள் வேணும். எங்களுக்கு அக்கா இருந்தா. ஆள் இல்லாத கம்பெனிகளுக்காகவே சர்வர், பராமரிப்பு எல்லாம் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் பெர்லினில் இருக்கும் ஓப்பன்புராஜெக்ட் நிறுவனம் இப்படித்தான் சம்பாதிக்கிறது.

பிறகு என்ன ஆச்சு?

முதல் வாரம் படு தோல்வி! டிரைவர் அண்ணன்கள் யாரும் அதில் எழுதலை. சித்தப்பா பழைய நோட்டையே எடுத்தார். "எழுதாத சாப்ட்வேர் வெறும் பெட்டிதான்"னு அக்கா கோபப்பட்டா. அப்புறம் சித்திதான் கை கொடுத்தாங்க. பகல்ல யார் போன் பண்ணினாலும் சித்திகிட்டயும் சொல்லிடணும், ராத்திரி எட்டு மணிக்கு சித்தி உட்கார்ந்து எல்லாத்தையும் ஏத்துவாங்க. யாருக்கு எந்தத் திடல்ல வயல், எந்த வரப்பு வழியா வண்டி இறங்கும்னு சித்தப்பாவைவிட சித்திக்குத்தான் நல்லா தெரியும்! காலையில டிரைவர் அண்ணன்கள் போனைத் திறந்து பார்த்துட்டு நேரா வயலுக்குப் போயிடுவாங்க.

போன தை மாசம் ஒருநாள் ராத்திரி சித்தி "இங்க வா"ன்னு கூப்பிட்டாங்க. ஒரே பெல்ட் வண்டிக்கு ஒரே தேதியில ரெண்டு கோடு. மறுபடியும் அதே தப்பு! ஒன்று விஷயம் நண்பர்களே, ரெட்மைன் மணி அடித்து எச்சரிக்கவில்லை. யாரை முதலில் அனுப்பணும்னும் சொல்லவில்லை. ரெண்டு கோட்டையும் பக்கத்து பக்கத்தில் காட்டியது, அவ்வளவுதான். ஆனா அறுப்புக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நோட்டுல இருந்திருந்தா அன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சிருக்கும்.

ரெண்டுல ஒரு கோடு தாத்தாவோடது. சித்தப்பா ஒரு நிமிஷம் பேசாம இருந்தார். அப்புறம் இன்னொருத்தருக்குப் போன் போட்டு, "அண்ணே, தப்பு என்னுது. உங்களுக்கு மறுநாள் விடியற்காலையிலயே வண்டி வந்துடும்"னு சொன்னார். அவரும் சரின்னுட்டார். சொன்ன தேதியில தாத்தா வயலுக்கு வண்டி இறங்கிச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் வாடகைப் பணம் கொடுக்க வந்த தாத்தா, திண்ணையில உட்கார்ந்து சித்திகிட்ட மோர் கேட்டு வாங்கிக் குடிச்சார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் டிராக்டர், அரிசி மில், தட்டுவண்டி, பந்தல் வாடகை என்று ஏதாவது தொழில் இருக்கும். அந்த நோட்டு யார் பாக்கெட்டில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

— பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு