வான்கோழி நுழையாத அடுப்பு

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதை நாடு முழுவதற்குமான நன்றித் திருநாளாக அறிவித்தார். எந்த வியாழன் என்ற இழுபறியை 1941இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் முடித்துவைத்தது. அன்று சாப்பாட்டு மேசையின் நடுவில் முழு வான்கோழி ஒன்று பொன்னிறமாக வறுபட்டு வீற்றிருக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். பெரிய குடும்பம் என்றால் ஏழு கிலோப் பறவையாவது வேண்டும். வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இங்கேதான் முதல் இடி. அவர்களுடைய அடுப்புக்குள் அந்தப் பறவை நுழையாது.

ஆர்.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த வண்டிகளில் படுக்கை, கழிப்பறை, சமையல்மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. சில தாமே ஓடும். சிலவற்றைப் பிக்கப் டிரக்கின் பின்னால் கட்டி இழுக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுக்க இதிலேயே வாழ்கிறவர்கள் உண்டு. பனிக்காலத்தில் மட்டும் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வருகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு ‘ஸ்நோபேர்ட்’ என்று பட்டப்பெயர். தேங்க்ஸ்கிவிங்கும் கிறிஸ்துமஸும் இவர்களுக்கு வழியில்தான் வரும். வீட்டை விட்டார்களே தவிர, வழக்கத்தை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு வழக்கமும் இயற்பியலிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறுகிறது. அந்தப் பேரத்தில் எது தோற்கிறது, எது உருமாறுகிறது என்று பார்ப்பது பண்டிகையைவிடச் சுவையானது என்பது என் கட்சி.

முதலில் அந்த அடுப்புப் பெட்டி. அடியில் நடுவாக ஒரே ஒரு எரிகுழாய். அதற்குச் சற்று மேலேயே தட்டு. சூடான காற்று சுற்றிவர இடம் போதாது. அதனால் கேக்கின் அடி கருகியிருக்கும், தலை வெளுத்திருக்கும். அனுபவப்பட்டவர்கள் பீட்சா சுடும் கல் ஒன்றை வாங்கி எரிகுழாய்க்கு மேலே வைக்கிறார்கள். கல் மெல்லச் சூடேறி, வாங்கிய வெப்பத்தைப் பரவலாகத் திருப்பித் தருகிறது.

வான்கோழிக்கு வேறு வழி. முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்செலும்பை ஒரு அமுக்கு அமுக்கிப் பறவையைத் தட்டையாக விரித்துவிடுகிறார்கள். உயரம் குறைந்து அடுப்புக்குள் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் லாபம். கண்ணுக்குத் தெரியாத லாபம் இன்னும் பெரிது. இறைச்சிக்குள் வெப்பம் ஒரு திசுவிலிருந்து அடுத்த திசுவுக்குக் கடந்து கடந்துதான் நடுப்பகுதியை அடைய வேண்டும். அதற்கு ஆகும் நேரம் தடிமனுக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் பாதியானால் நேரம் ஏறக்குறைய கால்வாசி. முழுப் பறவையாக வறுத்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் எடுப்பது, விரித்து வைத்தால் அதில் பாதிகூட ஆவதில்லை. மிகத் தடித்த இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் எட்டினால் கிருமிகளைப் பற்றிய கவலை தீர்ந்தது என்கிறது அமெரிக்க வேளாண் துறை. முழுப் பறவையில் தொடை அந்தச் சூட்டை எட்டுவதற்குள் நெஞ்சுக் கறி சக்கையாகிவிடும். விரித்த பறவையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வேகும். மேசையில் பார்க்க அழகில்லை என்று மாமியார்கள் முகம் சுளிக்கலாம். சாப்பிட இதுதான் மேல்.

வண்டி மலை ஏறினால் கணக்கு மறுபடி மாறும். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2100 மீட்டர் உயரம். ஆர்.வி.க்களை நிறுத்த அங்கே இடம் உண்டு, குளிர்காலத்திலும் ஆட்கள் வருகிறார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. மசியலுக்குப் போட்ட உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டே இருக்கும், எளிதில் வேகாது. அமெரிக்கத் தமிழ்க் குடும்பம் ஒன்று தை முதல் நாளில் அங்கே பொங்கல் வைத்தால் பால் வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பொங்கிவிடும். அரிசிதான் காக்க வைக்கும். குக்கர் இருந்தால் பிரச்சினை இல்லை. கடலோர ஊரில் 120 டிகிரியைத் தொடும் விசில் குக்கர், அந்த மலை விளிம்பிலும் 116 டிகிரி வரை போகும்.

இதனாலேயே பல வண்டிகளில் மின்சாரப் பிரஷர் குக்கர் பண்டிகைச் சமையலை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு குறை இருக்கிறது. வறுவலின் பொன்னிறமும் மணமும் சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து நடத்தும் வினையால் வருபவை. 1912இல் லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை இது. இறைச்சியின் மேற்பரப்பு உலர்ந்து, சூடு 140 டிகிரியை ஒட்டி வந்தால்தான் இது சுறுசுறுப்பாகும். குக்கருக்குள் எல்லாம் ஈரம், எல்லாம் 120க்குக் கீழே. கறி பஞ்சாக வெந்திருக்கும், பண்டிகை வாசனை மட்டும் இருக்காது. விவரம் தெரிந்தவர்கள் வெந்ததை எடுத்து வெளியே கிரில்லில் ஐந்து நிமிடம் வாட்டி எடுக்கிறார்கள்.

இந்தச் சமையலுக்கெல்லாம் எரிபொருள் புரொப்பேன். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துத் திரவமாகவே தங்கிவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். டிசம்பர் இரவில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு அதுதான் சரி.

ஆர்.வி.யில் என்னை மிக வியக்க வைப்பது அதன் குளிர்பெட்டி. பல வண்டிகளில் அது தீயால் குளிர்கிறது. பெட்டியின் பின்பக்கம் கட்டைவிரல் அளவு புரொப்பேன் சுடர் எரிகிறது, முன்பக்கம் ஐஸ்கிரீம் உறைகிறது. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை, சத்தமும் இல்லை. ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் 1922இல் கண்டுபிடித்த ஏற்பாடு இது. எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

மூடிய குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைபட்டிருக்கின்றன. உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 20 மடங்கு அழுத்தம். சுடர் அம்மோனியா கரைந்த நீரைக் கொதிக்க வைக்கிறது. எழும் குமிழ்கள் ஒரு குறுகிய குழாய் வழியே திரவத்தையும் மேலே தள்ளிக்கொண்டு போகின்றன. இங்கே பம்பு வேலையைச் செய்வது அந்தக் குமிழ்கள்தான். பிரிந்த அம்மோனியா ஆவி உச்சியில் குளிர்ந்து திரவமாகிறது. அந்தத் திரவம் அடுத்த குழாயில் ஹைட்ரஜனைச் சந்திக்கும் இடத்தில்தான் வித்தை நடக்கிறது. மொத்த அழுத்தம் அங்கேயும் அதேதான். ஆனால் அதில் பெரும்பங்கை ஹைட்ரஜன் தாங்கிக்கொள்வதால் அம்மோனியாவின் பங்குக்கு வரும் அழுத்தம் சரிந்துவிடுகிறது. அழுத்தம் சரிந்ததும் அது மளமளவென்று ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தைப் பெட்டிக்குள் இருக்கும் வான்கோழியிடமிருந்தும் பாலிடமிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. பிறகு வழிந்து வரும் நீர் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் தன் இடத்துக்குத் திரும்புகிறது. 1920களில் ஐன்ஸ்டைனும் லியோ ஸிலார்டும்கூட நகரும் பாகமில்லாத குளிர்பெட்டிகளுக்குக் காப்புரிமை வாங்கினார்கள் என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

எல்லாத் திரவமும் புவியீர்ப்பால் வழிந்தே ஓட வேண்டும் என்பதால் வண்டி சாய்ந்து நிற்கக் கூடாது. சாய்ந்தால் திரவம் ஓரிடத்தில் தேங்கும், சுடர் வெறுங்குழாயைக் காய்ச்சும், குழாய்க்குள் அடைப்பு விழும், பெட்டி நிரந்தரமாகப் பாழாகும். முகாமுக்கு வந்ததும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து ரசமட்டம் பார்க்கிறவர்களைப் பார்த்து, தூங்குவதற்கு இவ்வளவு சமதளம் தேவையா என்று நினைக்க வேண்டாம். அது குளிர்பெட்டிக்காக. புதிய வண்டிகளில் சூரியத் தகடும் லித்தியம் பேட்டரியும் வந்துவிட்டதால் சாதாரண கம்ப்ரெஸர் பெட்டிகள் இதை ஓரங்கட்டி வருகின்றன. எனக்கு அதில் வருத்தம்தான்.

அடுத்து மின்சாரம். முகாம்களில் சாதாரணமாகக் கிடைக்கும் இணைப்பு 30 ஆம்பியர், 120 வோல்ட். பெருக்கினால் 3600 வாட். ஹீட்டருக்கு 1500, மைக்ரோவேவுக்குச் சுமார் 1500, வெந்நீர்க் கொதிகலனுக்கு 1400 வாட். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் கதை முடிந்தது. நம் பழைய வீடுகளில் மிக்ஸி ஓடும்போது அயர்ன் பாக்ஸைச் செருகி ஃபியூஸைப் பறிகொடுத்ததைப் போலத்தான். பண்டிகை நாளில் யார் எப்போது குளிப்பது, பூசணிப் பை எனும் இனிப்பு எப்போது சூடாவது என்று குடும்பமே நேரம் வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு வண்டிக்காரர்கள் கண்ட தீர்வு பாட்லக். முகாமே சேர்ந்து ஒரு பந்தி. ஒரு வண்டியில் வான்கோழி, ஒன்றில் உருளை மசியல், ஒன்றில் பூசணிப் பை, இன்னொன்றில் கிரான்பெர்ரி. ஊர் கூடி உண்ணும் அன்பு என்று இதைப் பாராட்டுவார்கள். அன்பு இருக்கட்டும், ஒரு பெரிய அடுப்பின் சுமையைப் பத்துச் சின்ன அடுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறியியலும் இதில் இருக்கிறது. சொந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உறவினர்களோடு மட்டும் உண்ட விருந்து, அடுப்பு சிறுத்ததால் அக்கம்பக்கத்து விருந்தாகிவிட்டது. பழக்கமும் புதிதல்ல. 1919இலேயே புளோரிடாவின் டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று கார்ப் பயணிகள் ஒரு சங்கம் கண்டார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் தகர டப்பா ஒன்றைப் பொருத்திக்கொள்வது உறுப்பினர் அடையாளம். குளிர்காலத்தில் கூடாரமடித்து ஒன்றாகக் கூடுவார்கள்.

இன்று அப்படிக் கூடுகிற இடங்களில் பெயர்போனது அரிசோனாப் பாலைவனத்துச் சிற்றூர் குவார்ட்ஸைட். ஊரின் முக்கிய நினைவுச்சின்னம் ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரரின் கல்லறை. அமெரிக்க ராணுவம் 1850களில் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது கூட வந்தவர். நாடோடிகள் கூடும் ஊருக்குப் பொருத்தம்தான். ஊருக்குத் தெற்கே லா போஸாவில் அரசு நிலம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டநாள் தங்குகிறவர்களுக்குத் திறந்திருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு கிடையாது. வண்டிக் கூரையில் உள்ள சூரியத் தகடுதான் கதி.

அங்கே கிறிஸ்துமஸ் விளக்கு போடுவது ஆண்டிலேயே மோசமான நேரத்தில் வருகிறது. டிசம்பர் 21ஐ ஒட்டி அவ்வூரில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும். கூரையில் படுத்திருக்கும் தகட்டில் சாய்ந்து விழும் வெயில் நேராக விழுவதில் 54 சதவீதமே; ஜூனில் அது 98. பகலும் 10 மணி நேரத்தோடு முடிந்துவிடும். தகட்டைத் தெற்கு நோக்கி 57 டிகிரி நிமிர்த்தினால் நண்பகல் வெயில் நேராகப் படும். கிறிஸ்துமஸ் மரத்துக்கு முதன்முதலில் மின்விளக்கு போட்டவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன். 1882இல், நியூயார்க் வீட்டில், 80 பல்புகள். அதே இழை பல்புகளாகவே இருந்திருந்தால் பாலைவனத்தில் விளக்கலங்காரம் பகற்கனவுதான். நூறு சிறு பல்புகள் கொண்ட பழைய சரம் சுமார் 40 வாட் குடிக்கும், எல்.இ.டி. சரத்துக்கு ஐந்தாறு வாட் போதும். பேட்டரி விடியும்வரை தாங்குகிறது.

கடைசியாக, படங்களில் தெரியாத ஒரு விஷயம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. புரொப்பேனில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. வண்டியின் வெப்பமூட்டியும் குளிர்பெட்டியும் தங்கள் புகையை வெளியே விடுகின்றன. சமையல் அடுப்போ உள்ளேயே விடுகிறது. பாத்திரத்து ஆவி, உறவினர் கூட்டத்தின் மூச்சு எல்லாம் சேர்ந்து குளிர்ந்த ஜன்னலில் நீராக வழியும். விருந்து முடிந்தபின் மெத்தை ஓரம் ஈரமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஈரத்தைத் துடைத்துவிடலாம். கார்பன் மோனாக்சைடைத் துடைக்க முடியாது. காற்று போதாமல் சுடர் அரைகுறையாக எரியும்போது நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு பிறக்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. விடுமுறைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுக்கிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் அதில் பயணம் செய்கிறவர்கள் மூன்றை மட்டும் கடைப்பிடியுங்கள். சமைக்கும்போது ஒரு ஜன்னலும் கூரை விசிறியும் திறந்திருக்கட்டும். குளிர் காய்வதற்காக அடுப்பை எரிய விடாதீர்கள். வண்டியில் ஏறியதும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்றும், அதன் காலாவதித் தேதி தாண்டவில்லையா என்றும் பார்த்துவிட்டுப் பெட்டிகளை ஏற்றுங்கள்.