கப்பலுக்கும் அச்சாரம் உண்டு

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களில் குடும்பத்தோடு போய்வர நம் வணிகர்கள் பலர் விரும்புகின்றனர். கப்பல் நிறுவனங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை சலுகைகளை அதிகம் அறிவிக்கும். அடுத்தடுத்த அறைகள் வேண்டுவோர் அப்போதே பதிவு செய்யலாம். கடைசி நேரத்தில் கட்டணம் இறங்குவதுண்டு; ஆனால் எஞ்சிய அறைதான் கிடைக்கும், விமான டிக்கெட்டும் ஏறியிருக்கும்.

அச்சாரம் இரு வகை. திரும்பக் கிடைப்பதற்குக் கட்டணம் சற்றுக் கூடுதல், திரும்பாததற்குக் குறைவு. குறைவைப் பார்த்து நான் இரண்டாவதைக் கட்டினேன். தம்பி மகள் திருமணம் அதே வாரத்தில் நிச்சயமாயிற்று. நான்கு பேர் அச்சாரமும் போயிற்று. மிளகாய் மூட்டைக்கு அச்சாரம் கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்பவன், அன்று ஒன்றும் கேட்கவில்லை!

திரும்பக் கிடைக்கும் அச்சாரத்துக்கும் கெடு உண்டு. பெரும்பாலும் பாக்கியைச் செலுத்தும் நாள் வரைதான். அதன்பின் ரத்து செய்தால், புறப்பாடு நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். கெடு 90 நாள் என்றால், டிசம்பர் 25 பயணத்துக்குச் செப்டம்பர் 26-க்குள் முழுத் தொகையும் கட்டவேண்டும். தீபாவளிச் சரக்கில் நம் பணம் முடங்கிக் கிடக்கும் நேரம் அது! மே மாதப் பயணமானால் பாக்கி பிப்ரவரியில் வரும். பண்டிகைக் கடன் வசூலும் அதற்குள் ஓரளவு கைக்கு வந்திருக்கும்.