அழைக்கும் கருவியும் காட்டும் சுடரும்

நடுக்கடலில் எஞ்சின் பழுதாகியோ நீர் புகுந்தோ ஆபத்தில் சிக்கிய சிறு படகு செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. ஆபத்து நேர்ந்திருப்பதை அடிவானத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்கு அறிவிப்பது முதலாவது. தேடி வந்தவர்கள் நெருங்கிய பின், அலைகளுக்கிடையே புள்ளியாக மிதக்கும் படகை அவர்கள் கண்ணுக்குக் காட்டுவது இரண்டாவது. மின்னணுக் கருவி வாங்குவதா, தீச்சுடர் வாங்குவதா என்று படகு வைத்திருப்போரிடையே எழும் விவாதம் பெரும்பாலும் இவ்விரு வேலைகளையும் பிரித்துப் பார்க்காததால் எழுவதே.

வழக்கில் ஃபிளேர் எனப்படும் தீச்சுடரே இவற்றுள் மூத்தது. அமெரிக்காவின் மார்த்தா காஸ்டன், மறைந்த கணவர் விட்டுச்சென்ற அரைகுறைக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்து, கப்பல்கள் இரவில் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான வண்ணச் சுடர்களை உருவாக்கி 1859இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்த ஆவணத்தில் கண்டுபிடிப்பாளர் என்று கணவரின் பெயரே இடம்பெற்றது. இன்றைய அபாயச் சுடரின் நிறம் சிவப்பு. சிவகாசி மத்தாப்புக்குச் செந்நிறம் தரும் ஸ்ட்ரான்சியமே இதற்கும் நிறம் தருகிறது: மெக்னீசியத் தூள் எரிபொருளாகிறது, ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் அது எரிவதற்கான ஆக்சிஜனைக் கொடுக்கிறது, கலவையில் சேர்க்கப்படும் குளோரின் கொண்ட பிசின் வெப்பத்தில் சிதைந்து ஸ்ட்ரான்சியத்துடன் இணைய, அந்தச் சேர்மமே ஆழ்ந்த சிவப்பொளியை உமிழ்கிறது.

சோலாஸ் எனப்படும், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் தரப்படி, கையில் பிடிக்கும் சுடர் குறைந்தது 15,000 கேண்டெலா ஒளிச்செறிவுடன் ஒரு நிமிடம் எரிய வேண்டும். பாராசூட் ராக்கெட் குறைந்தது 300 மீட்டர் உயரத்துக்கு எழும்பி, அங்கே விரியும் சிறு குடையில் தொங்கியபடி 30,000 கேண்டெலாவுடன் 40 விநாடி எரிந்துகொண்டே இறங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒளியில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால், நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் பிடிக்கப்படும் கைச்சுடர், ஒன்பது மீட்டர் உயரத் தளத்தில் நிற்கும் மாலுமிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்குள் மட்டுமே தெரிய முடியும். 300 மீட்டர் உயரத்தில் எரியும் சுடரோ, வானம் தெளிவாக இருந்தால், அதே மாலுமிக்கு 70 கிலோமீட்டருக்கு அப்பாலும் அடிவானத்துக்கு மேல் நிற்கும். பகலில் சுடர் மங்கிவிடும் என்பதால் அதன் இடத்தைச் செம்மஞ்சள் புகைக்குறி பிடிக்கிறது. பலத்த காற்றில் அந்தப் புகை நீர்ப்பரப்போடு படிந்து கலைந்துவிடுவது அதன் குறை.

இருந்தும் தீச்சுடருக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த நாற்பது விநாடிக்குள், அந்தத் திசையை நோக்கி, விழித்திருக்கும் ஒரு கண் இருக்க வேண்டும், பார்த்தவர் அதன் பொருளையும் உணர வேண்டும். இதற்கு 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலைவிடத் தெளிவான சான்று இல்லை. அருகே நின்றிருந்த கலிபோர்னியன் கப்பலின் அதிகாரிகள் வானில் எழுந்த வெள்ளை ராக்கெட்டுகளைக் கண்டும் அவற்றை அபாயக் குறியாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கப்பலின் கம்பியில்லாத் தந்தி இயக்குநரோ அதற்கு முன்பே உறங்கப் போயிருந்தார். ஏறத்தாழ 58 கடல் மைல் தொலைவிலிருந்த கார்பேத்தியா கப்பல்தான் தந்தி கேட்டு விரைந்து வந்தது. கதை பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்தப்பட்டு, மின்காந்த அலைக்கு வெற்றி என்று எழுதப்படுகிறது. ஆனால் தந்தியில் அனுப்பப்பட்ட இருப்பிடக் கணக்கு உண்மையான இடத்திலிருந்து சுமார் 13 கடல் மைல் பிசகியிருந்தது. உயிர்காப்புப் படகு ஒன்றிலிருந்து நான்காம் அதிகாரி பாக்ஸ்ஹால் கொளுத்திய பச்சைச் சுடர்களைக் கண்டு, அவற்றை நோக்கியே கார்பேத்தியா திரும்பியது. அழைத்தது மின்காந்த அலை, வழிகாட்டியது தீ.

அழைக்கும் வேலைக்கு இன்று உலகெங்கும் பயன்படுவது 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பீக்கன், அதாவது அவசர இடங்காட்டி ஒலிபரப்பி. படகில் பொருத்தப்படுவது ஈபிர்ப் என்றும், ஆள் தன் உடலோடு வைத்துக்கொள்ளும் சிறிய வகை பி.எல்.பி. என்றும் வழங்கும். இயக்கப்பட்டதும் இது சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி நீளமுள்ள ஒரு குறியீட்டை ஐந்து வாட் ஆற்றலில் வானை நோக்கி அனுப்புகிறது. அதில் கருவியின் அடையாள எண்ணும், செயற்கைக்கோள் வழிகாட்டி வசதி உள்ள வகையானால் இருப்பிடமும் அடங்கியிருக்கும். அமெரிக்கா, கனடா, பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளும் பனிப்போர்க் காலத்திலேயே கைகோத்து அமைத்த காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைப் பெற்றுத் தரைநிலையங்களுக்குத் தருகின்றன. முதல் உயிர்மீட்பு 1982இல் நிகழ்ந்தது. ஈபிர்ப்பின் மின்கலம் 48 மணி நேரமும் பி.எல்.பி.யின் மின்கலம் 24 மணி நேரமும் தாங்க வேண்டும் என்பது தரம்; எந்தச் சுடரும் இதற்கு அருகில்கூட வர முடியாது. கருவியைப் பதிவு செய்யாமல் விட்டால் மட்டும், அடையாள எண் யாருடையது, எந்தப் படகு, எத்தனை பேர் என்ற விவரம் எதுவும் மீட்பு மையத்துக்குக் கிடைக்காது.

இந்திய மீனவர்களுக்கென்று இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி, சுருக்கமாக டாட், 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதன் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்குச் செல்லும். முதல் தலைமுறைக் கருவி ஒருவழிப் பாதை: பொத்தானை அழுத்தியவருக்குத் தம் குரல் யார் காதிலாவது விழுந்ததா என்று தெரிய வழியில்லை. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி புயல் உருவானபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த விசைப்படகுகள் அலைபேசிக்கும் வி.எச்.எஃப். வானொலிக்கும் எட்டாத தொலைவில் இருந்ததால் கரையின் எச்சரிக்கை பலரைச் சென்றடையவே இல்லை. கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் பாதையும் திறந்திருக்க வேண்டும் என்பதை அந்தப் புயலில் நேர்ந்த பேரிழப்பு காட்டியது. 2024இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை டாட், செய்தி கிடைத்துவிட்டது என்ற ஒப்புகையைப் படகுக்குத் திருப்பி அனுப்புவதோடு, புயல் எச்சரிக்கையையும் கொண்டுசேர்க்கிறது. புளூடூத் மூலம் கைபேசியில் அதைத் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

மின்னணு என்ற பெயரில் சந்தையில் இன்னொன்றும் கிடைக்கிறது: மோர்ஸ் குறியீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று விட்டு விட்டு எரியும் எல்.இ.டி. விளக்கு. தீச்சுடருக்கு மாற்று என்று விற்கப்படும் இதைச் சற்று ஐயத்தோடுதான் அணுக வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் தரம் இவ்வகை விளக்கிடம் கேட்கும் உச்ச ஒளிச்செறிவு 75 கேண்டெலா. சோலாஸ் கைச்சுடரோ அதைப்போல் இருநூறு மடங்கு. விளக்கு ஆறு மணி நேரம் எரியும், காலாவதி ஆகாது, கையைச் சுடாது என்பவை உண்மையான நன்மைகள். ஆனால் வெண்ணிற விளக்கு கரையோர விளக்குகளுக்கும் மற்றப் படகுகளின் விளக்குகளுக்கும் இடையில் தனித்துத் தெரிவது கடினம். அமெரிக்க விதியும் அதை இரவுக் குறியாக மட்டுமே ஏற்று, பகலுக்குத் தனியாகக் கொடியையோ புகையையோ கேட்கிறது. இதை உணர்ந்தே 2018இல் வந்த புதிய தரம், பசுநீலமும் செம்மஞ்சள் கலந்த சிவப்பும் மாறி மாறி ஒளிரும் இருநிற விளக்கை வகுத்தது. இருளுக்குப் பழகிய கண் பசுநீலத்தை எளிதில் உணரும் என்பது அதன் அடிப்படை.

சுடரின் தீமைகளும் சிறியவை அல்ல. எரியும் கைச்சுடரிலிருந்து உருகிய கசடு சொட்டும்; அது காற்றடைத்த தெப்பத்தைத் துளைக்கும், பெட்ரோல் எஞ்சின் உள்ள ஃபைபர் படகில் அதைவிடக் கொடிய விபத்தையே உண்டாக்கும். ஆகையால் காற்று விலகிச் செல்லும் பக்கமாக, படகின் விளிம்புக்கு வெளியே கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதும், காலாவதியான பின் அது குப்பையில் போட முடியாத வெடிபொருளாகவே இருக்கும் என்பதும் செலவுக் கணக்கில் சேர்பவை. இவ்வளவுக்குப் பிறகும், பணம் ஒன்றுக்கு மட்டுமே இருந்தால் முதலில் பீக்கனையோ டாட் கருவியையோ வாங்கிவிட்டு, அடுத்து வரும் காசில் மூன்று நான்கு கைச்சுடர்களை வாங்கி நீர்புகாத டப்பாவில் வைப்பதே பொருத்தம். கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே தொழில் செய்யும் வள்ளத்துக்கு, வி.எச்.எஃப். பதினாறாம் சேனலும் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணும் அழைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும்.

பயன்படுத்தும் வரிசையும் இதிலிருந்தே கிடைக்கிறது. கருவியை உடனே இயக்கி, மீட்பு முடியும்வரை அணைக்காமல் விட வேண்டும். சுடர்களையோ, கப்பலோ விமானமோ பார்வைக்குள் வந்திருக்கிறது என்ற நம்பிக்கை பிறக்கும்வரை கொளுத்தாமல் வைத்திருக்க வேண்டும். ராக்கெட் இருந்தால் ஒன்றை விட்டு, ஓரிரு நிமிடம் கழித்து இரண்டாவதை விட வேண்டும். முதலாவதைக் கண்டவர் கண்மயக்கமோ என்று ஐயுறும்போது இரண்டாவது அதைத் தீர்த்துவைத்துத் திசையையும் காட்டும். மேகம் தாழ்ந்திருந்தால் செங்குத்தாகச் செலுத்தப்பட்ட ராக்கெட் மேகத்துக்குள்ளேயே எரிந்து வீணாகும் என்பதால் சாய்த்துச் செலுத்த வேண்டும். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்த பிறகு ராக்கெட்டைத் தொடவே கூடாது. இரவுநோக்குக் கருவி அணிந்த விமானிக்குக் கைச்சுடரும் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், அந்நேரத்தில் எல்.இ.டி. விளக்கே போதும்.