லேன் வயர் மாட்டியும் லேப்டாப்பில் நெட் வரலையா? ஹாஸ்டல் மாணவர்கள் வரிசையாகப் பார்க்க வேண்டியவை என்னென்ன?

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க பக்தர்கள் கூட்டம். பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு மாணவருக்கு அன்று தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் சிக்னல் முழுசா காட்டுது. ஆனா பேஜ் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு.

காரணம் எளிது. ஒரு டவரின் திறனை அந்தப் பகுதியில் இருக்கும் எல்லா போன்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கூட்டம் கூடினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு குறையும். இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது ரூம் சுவரில் இருக்கும் லேன் பாயின்ட்தான். அதுவும் வேலை செய்யலைன்னா? பதற்றத்தில் எல்லா செட்டிங்கையும் மாற்றாமல், கோளாறு எந்த இடத்தில் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

பக்கத்து ரூமில் வருதா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். யாருக்குமே வரலைன்னா உங்க லேப்டாப் மேல் தப்பில்லை. மாடியில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கு கரன்ட் போயிருக்கலாம், அல்லது கட்டடத்துக்கு வரும் இணைப்பே அறுந்திருக்கலாம். உங்களுக்கு மட்டும் வரலைன்னா அடுத்த படிக்குப் போங்க.

லைட் எரியுதா?

லேன் வயர் செருகும் இடத்தில் பொதுவாக சின்ன லைட் மினுக்கும். லைட் இல்லாத லேப்டாப்பில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று பாருங்க. 'நாட் கனெக்டட்' என்று இருந்தால் சிக்கல் வயரில், பிளக்கில் அல்லது சுவர் பாயின்ட்டில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நண்பரிடம் நல்லா ஓடும் வயரை வாங்கி மாட்டிப் பாருங்க. வந்துவிட்டால் உங்க வயர்தான் காரணம். பிளக்கின் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால் லேசா அசைந்தாலே இணைப்பு போயிடும். வயர் வழியிலும் அடிபட்டிருக்கலாம்: கட்டில் காலுக்கு அடியில் நசுங்கும், எலி கடிக்கும், மொட்டை மாடி வழியாக வந்தால் குரங்கு இழுக்கும்.

நெட் வருது, ஆனா வேகம் 1000-க்கு பதில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டுதா? லேன் வயருக்குள் 4 ஜோடி கம்பிகள் உண்டு. 100 வேகத்துக்கு 2 ஜோடி போதும், 1000-க்கு 4 ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலும் வேகம் இப்படி இறங்கலாம். மறுமுனையில் இருப்பது பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் என்றாலும் இதே அளவுதான் காட்டும்.

ஐபி எண் என்ன சொல்லுது?

லைட் எரியுது, நெட் மட்டும் வரலை. அப்போது அதே ஈதர்நெட் பக்கத்தில் 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரியைப் பாருங்க. 169.254 என்று தொடங்கினால், உங்க லேப்டாப் ஹாஸ்டல் ரூட்டரிடம் முகவரி கேட்டது, பதில் கிடைக்காததால் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். வயரைக் கழட்டி ஒரு நிமிஷம் கழித்து மாட்டுங்க. 'ஐபி அசைன்மென்ட்' ஆட்டோமேட்டிக் என்று இருக்கான்னும் பாருங்க. வேறு இடத்தில் கையால் போட்ட எண் அப்படியே இருந்தால் இங்கே வேலை செய்யாது.

புது அடாப்டரா? இதை மறக்காதீங்க

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் லேன் துளையே கிடையாது, யுஎஸ்பி அடாப்டர் மாட்டணும். பல ஹாஸ்டல்களில் பதிவு செய்த 'மேக் அட்ரஸ்' உள்ள கருவிக்குத்தான் நெட் தருவார்கள். வைஃபைக்கு ஒரு மேக் எண், லேன் துளைக்கு வேறு எண், அடாப்டருக்கு இன்னொரு எண். அடாப்டரை மாற்றினால் புது எண்ணைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்க.

எல்லாம் சரி, வெப்சைட் மட்டும் திறக்கலையா?

லாகின் பக்கம் கேட்கும் ஹாஸ்டல் என்றால் பிரவுசரை மூடித் திறந்து பாருங்க. லேப்டாப்பில் தேதி, நேரம் தப்பாக இருந்தாலும் பக்கங்கள் திறக்காமல் போகலாம். விபிஎன், பிராக்ஸி ஆன் செய்திருந்தால் அணைத்துவிடுங்க.

அதன்பின் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு 8.8.8.8 போடுங்க. பதில் வந்தும் வெப்சைட் திறக்கலைன்னா, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு இருக்கலாம். டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பார்க்கலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

சொந்த ரூட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் துளையில் ஹாஸ்டல் வயரைச் செருகினால், அது மற்ற ரூம்களுக்கும் தப்பான முகவரியைக் கொடுக்கத் தொடங்கிவிடும். ஒருத்தர் மாட்டின ரூட்டரால் மாடி முழுக்க நெட் போகும்.

இடி மின்னல் நேரத்தில் சார்ஜரை மட்டும் கழட்டினால் போதாது. லேன் வயர் வழியாகவும் மின் அதிர்வு வந்து துளையை எரித்துவிடலாம். மழை தொடங்கும் முன்பே அதையும் கழட்டிவிடுங்க.

புகார் சொல்லும்போது

'நெட் வரலை சார்' என்று மட்டும் சொன்னால் வார்டனும் கேபிள்காரரும் முதலில் இருந்துதான் தொடங்கணும். ரூம் எண், லைட் எரியுதா, ஐபி எண் என்ன, வேறு வயர் மாட்டிப் பார்த்தீங்களா, பக்கத்து ரூமில் வருதா என்ற ஐந்தையும் ஒரே மெசேஜில் அனுப்புங்க. யாரை அனுப்பணும், எதைக் கொண்டுவரணும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

கடைசி நாள் பௌர்ணமியிலோ தீபத் திருவிழாவிலோ வருதான்னு காலண்டரைப் பாருங்க. வந்தால் இரண்டு நாள் முன்பே விண்ணப்பத்தை முடித்துவிடுங்க.