கூடும் இடத்தில் மழைக்கும் ஓர் இடம்

சமுதாயக் கூடம் கட்டி முடித்த கையோடு சுற்றியுள்ள முற்றத்துக்கும் சிமெண்ட் பூசுவதோ பேவர் பிளாக் பதிப்பதோ நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்தால் கூரைத் தண்ணீரும் தரைத் தண்ணீரும் சேர்ந்து தெருவில் ஓடும். பங்குனியில் அதே கூடத்தின் முன்னால் குடங்கள் வரிசையில் நிற்கும். திண்டுக்கல் மாவட்டத்தின் சிறுமலை, பழனி மலை அடிவாரங்களில் வாழும் பளியர் பழங்குடியினருக்குக் கூடம் அமைக்கும்போதாவது இந்தத் தவறைத் தவிர்க்க வேண்டும். மழைத்தோட்டம் அதற்கு நல்ல வழி.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தில் 13 வகைப் பொது வசதிகளுக்கு இடம் ஒதுக்க வழி செய்கிறது. சமுதாயக் கூடமும் மழைநீர் சேகரிப்பு அமைப்பும் அந்தப் பட்டியலிலேயே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம்தான் தரலாம். கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். ஆக, இரண்டையும் ஒரே திட்டமாகக் கேட்க முடியும். பலரும் கூடத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதுதான் வருத்தம்.

மழைத்தோட்டம் என்பது ஆழமில்லாத, செடி வளர்த்த பள்ளம். கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் வரும் நீர் அதில் தங்கி, ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். முட்டையிலிருந்து கொசு உருவாக ஏறக்குறைய ஒரு வாரமாவது வேண்டும் என்பதால், கொசு பெருகும் என்ற பயம் தேவையில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் 1990-களில் வீட்டுமனைகளில் இந்த முறை பரவியது. சென்னை மாநகராட்சி அமைத்துவரும் ஸ்பாஞ்ச் பூங்காக்களும் இதே வகைதான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. மழை விழுந்தால் சுமார் 4,600 லிட்டர் கிடைக்கும். எட்டு அங்குல ஆழத்தில் 250 சதுர அடிப் பள்ளம் இருந்தால் அத்தனையும் அதில் அடங்கும்.

ஆனால் திண்டுக்கல் மண்ணின் கீழே கடினப் பாறை. சில இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே கடப்பாரை முட்டிவிடும். அதனால் முதலில் ஓர் அடிக் குழி வெட்டி, நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மறுநாளும் நீர் நின்றால் வேறு இடம் தேடுவதே நல்லது. சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, நீர்வாட்டம் போகும் பக்கத்தில் பள்ளம் அமைய வேண்டும். மிகுந்த நீர் வெளியேற, குளத்துக்குக் கலங்கு வைப்பதுபோல ஒரு பக்கக் கரையைத் தாழ்த்திக் கல் பதிக்க வேண்டும். மாட்டுத்தொழுவ நீரும் சாக்கடையும் எட்டிப் பார்க்கவே கூடாது.

செடிகளில் வெட்டிவேரும் அருகம்புல்லும் பள்ளத்தின் நடுவில். நொச்சியும் ஆடாதொடையும் கரைச்சரிவில். நிழலுக்குப் புங்கையும் நாவலும் சற்றுத் தள்ளி. நான்கு நாள் ஈரத்தையும் நான்கு மாத வறட்சியையும் தாங்குபவையே நடுப்பகுதிக்கு ஆகும். நர்சரியில் விற்கும் அழகுச் செடிகள் சித்திரையைத் தாண்டாது. தேனும் மூலிகையும் தேடிக் காட்டையே படித்த பளியர் முதியவர்களைவிட இதைச் சொல்லத் தகுந்தவர் யார்?

இடத்தின் அமைப்பையும் அவர்களே முடிவு செய்ய வேண்டும். தெய்வத்துக்கு விட வேண்டிய மூலை எது, பெண்கள் எங்கே கூடுவார்கள், குழந்தைகள் ஓடியாட வெற்றுத்தரை எவ்வளவு என்பதெல்லாம் பொறியாளரின் வரைபடத்துக்கு முன்பே பேசப்பட வேண்டியவை. பள்ளத்தின் கரைக்கல்லைத் திண்ணை உயரத்துக்கு எழுப்பினால் உட்காரவும் ஆகும். நடுமுற்றம் மண்தரையாகவே இருக்கட்டும்.

தமிழகத்தில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. அன்றே தீர்மானம் போட்டால் கோடையில் மண் சோதனையையும் பள்ளம் வெட்டுவதையும் முடித்துவிடலாம். ஆவணி மழையில் நட்ட செடிகள் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும்.