உங்களுக்குத் தெரியுமா? ஆமை சொல்லித்தந்த கணக்கு

பிள்ளைகளுக்கான லோகோ நிரல்மொழி என்றதும் ஆமைதான் நினைவுக்கு வரும். ஆனால் 1967-ல் லோகோ பிறந்தபோது அதில் ஆமையே கிடையாது! அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட் ஆகியோர் உருவாக்கிய அந்த மொழியில், பிள்ளைகள் முதலில் சொற்களையும் வாக்கியங்களையும் வைத்துத்தான் விளையாடினார்கள். பெயரே கிரேக்க மொழியில் ‘சொல்’ என்பதிலிருந்து வந்ததுதான். ஆமை சில ஆண்டுகள் கழித்து வந்தது. முதலில் வந்ததும் திரை ஆமை அல்ல, தரை ஆமை. பேனாவைத் தாங்கிக்கொண்டு, விரித்த தாளின் மேல் ஊர்ந்து ஊர்ந்து கோடு போட்ட எந்திரம் அது.

★

அந்த ஆமையிடம் சமபக்க முக்கோணம் வரையச் சொல்லிப் பாருங்கள். ‘முன்னே 100, வலப்பக்கம் 60 பாகை’ என்று மூன்று முறை கட்டளை கொடுப்போம். முக்கோணத்தின் கோணம் 60 தானே? ஆனால் தாளில் வருவது முக்கோணம் அல்ல, பாதி அறுகோணம். இந்த இடத்தில் பேப்பர்ட் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது: நீங்களே ஆமையாகி நடந்து பாருங்கள். கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிறவர் ஒவ்வொரு மூலையிலும் 90 பாகை திரும்பி, நான்காவது திருப்பத்தில் புறப்பட்ட திசைக்கே வந்துவிடுகிறார். மொத்தம் 360. முக்கோணத்திலும் அதே 360-ஐ மூன்று மூலைகளுக்குப் பங்கிட வேண்டும். ஆகவே திரும்ப வேண்டியது 120. உள்கோணம், வெளிக்கோணம் என்று பாடப்புத்தகத்தில் உருப்போட்டும் ஒட்டாதது, நாலு எட்டு நடந்ததும் ஒட்டிக்கொள்கிறது. ஓரடி நடந்து ஒரு பாகை திரும்பு, இதையே 360 முறை செய் என்றால் வட்டமே வந்துவிடும். கணக்கு வராது என்று முடிவுகட்டப்பட்ட பிள்ளைக்கு முதலில் இதைத்தான் காட்ட வேண்டும்.

★

நிரலாக்கம் கற்பிக்க 1981-ல் ரிச்சர்ட் பாட்டிஸ் எழுதிய புத்தகத்தில் வரும் ‘கேரல்’ என்ற ரோபோவுக்கு இடப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரியும். வலப்பக்கம் திரும்பக் கட்டளையே இல்லை! இது மறதி அல்ல. மூன்று முறை இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் வந்துவிடும் என்று மாணவர் தாமே கண்டுபிடித்து, அதற்கு ஒரு பெயர் சூட்டிப் புதிய கட்டளையாக்கிக்கொள்ள வேண்டும். இருக்கிற சிறு கட்டளைகளைச் சேர்த்து இல்லாத ஒன்றை ஆக்குவதே நிரலாக்கத்தின் உயிர்நாடி. அதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய வேறொரு பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. பெயரும் பொருத்தமானதுதான்: ‘ரோபோ’ என்ற சொல்லை 1920-ல் தம் நாடகத்தின் வழியே உலகுக்குத் தந்த செக் எழுத்தாளர் கேரல் சாபெக்கின் நினைவாக வைத்தது.

★

பேசிக் மொழியின் முதல் நிரல் ஓடியது 1964 மே 1, அதிகாலை 4 மணிக்கு, டார்ட்மத் கல்லூரியில். அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பதற்காகவே அதை உருவாக்கினார்கள் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும். கெமெனி, இளம் வயதில் ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்தவர்.

★

பைத்தானில் வரியை உள்தள்ளி எழுதாவிட்டால் பிழை என்று வந்து நிற்கும். பிளஸ் டூ மாணவர்களைக் கேட்டால் தெரியும்! அந்தப் பழக்கம், கற்பிப்பதற்காக ஆம்ஸ்டர்டாமில் உருவான ‘ஏபிசி’ மொழியிலிருந்து வந்த சொத்து. பைத்தானைப் படைத்த கைடோ வான் ராசம் முன்பு அந்தக் குழுவில்தான் வேலை பார்த்தார்.

★

பிள்ளைகளுக்கான ஸ்கிராட்ச் நிரல்மொழி, 2007-ல் எம்ஐடியிலிருந்து வெளிவந்தது. டிஜேக்கள் இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து, இருக்கும் இசையைக் கலந்து புதுசாக்குவார்களே, அந்தத் தேய்ப்புதான் பெயருக்குக் காரணம். கட்டளைகள் எல்லாம் கட்டைகள்; பொருந்தாத கட்டை பொருந்தாத இடத்தில் ஒட்டவே ஒட்டாது. அரைப்புள்ளியை விட்டுவிட்டு அரைநாள் தேடும் வேலை இல்லை. எழுத்துக்கூட்டத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு, படங்களாலேயே ஆன ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது.

★

நெதர்லாந்தின் ஃபெலின் ஹெர்மன்ஸ் 2020-ல் தந்த ‘ஹெடி’ நிரல்மொழியில் முதல் நிலைக்கு மேற்கோள்குறிகூடத் தேவையில்லை. இலக்கணம் நிலைக்கு நிலை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. அரிச்சுவடி எழுதுகிற பிள்ளையிடம் முதல் நாளே சந்திப்பிழை பார்ப்போமா?

★

தமிழிலேயே நிரல் எழுதலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி பற்றிய ஆய்வுக் கட்டுரை 2009-லேயே வந்துவிட்டது. திரையில் வணக்கம் சொல்ல, ‘பதிப்பி’ என்று எழுதி அருகே வணக்கத்தை இட்டால் போதும். இன்னும் அழகு, நிபந்தனை எழுதும் முறை. ஆங்கிலச் சொற்களைக் கொண்ட மொழிகளில் ‘இஃப்’ (if) முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகுதான் ‘ஆனால்’ என்று எழுத வேண்டும். ‘மழை பெய்தால்’ என்று நாம் பேசும் அதே வரிசை.